தங்கத்தை வரைவதா, வைப்பதா?

(கணினியில் பொருட்களின் மேற்பரப்பைத் தீட்டும் கலை குறித்து, ஓவிய மாணவர்களும் பொதுமக்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். 1982இல் அச்சான ஓர் ஆய்வுக் கட்டுரையில் இரண்டு ஜாடிகளின் படங்கள் இருக்கின்றன. எழுதியவர்கள் ராபர்ட் குக், கென்னத் டாரன்ஸ் என்ற இருவர். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு. இரண்டு ஜாடிகளும் கணினி வரைந்தவை. ஒரே வடிவம், நிறமும் ஒரே செம்பு நிறம். ஆனால் ஒன்றைப் பார்த்ததும் 'இது பிளாஸ்டிக்' என்று சொல்லிவிடுவீர்கள். மற்றொன்றைப் பார்த்ததும் 'செம்பு' என்பீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளையும் தப்பாகச் சொல்லாது.

வித்தியாசம் முக்கியமாக ஒரே இடத்தில் இருக்கிறது. ஜாடியின் வயிற்றில் விளக்கு வெளிச்சம் பட்டு ஓர் இடம் மினுங்குகிறதல்லவா, அங்கே. பிளாஸ்டிக் ஜாடியில் அந்த மினுக்கம் வெள்ளை. செம்பு ஜாடியில் அந்த மினுக்கமும் செம்பு நிறம்.

ஏன் அப்படி? பிளாஸ்டிக்கின்மேல் விழும் ஒளியில் ஒரு சிறு பங்கு மேல்தோலிலேயே பட்டுத் திரும்பிவிடுகிறது. உள்ளே போகாததால் அது விளக்கின் நிறத்திலேயே இருக்கிறது. மீதி ஒளி உள்ளே போய், சாயத் துகள்களுக்கு நடுவே அலைக்கழிந்து, நிறம் ஏறி வெளியே வருகிறது. அதைத்தான் பிளாஸ்டிக்கின் நிறம் என்கிறோம். உலோகத்தில் இந்த உள்ளே போய் வரும் சமாச்சாரமே கிடையாது. உள்ளே போன ஒளி போனதுதான். திரும்பி வருவதெல்லாம் மேற்பரப்பிலிருந்து வருவது. நிறம் பிடிப்பதும் அங்கேயே. செம்பு தன்மேல் விழும் சிவப்பு ஒளியில் சுமார் 95 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது, நீலத்தில் பாதிக்குச் சற்று மேல். பிளாஸ்டிக், மரம், தோல், பெயின்ட் எல்லாம் நேரே பார்க்கும்போது திருப்பி அனுப்புவது ஏறக்குறைய 4 விழுக்காடுதான், அதுவும் நிறமில்லாமல்.

அந்த 1982 கட்டுரைக்கு முன்பு கணினிப் படங்களில் எதை வரைந்தாலும் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி இருந்ததற்கு இதுதான் காரணம். அன்றைக்கு எல்லோரும் கையாண்ட சூத்திரம் புய் துவோங் ஃபோங் என்ற வியட்நாமியர் 1973இல் யூட்டா பல்கலைக்கழக ஆய்வேட்டில் கொடுத்தது. பாவம், 1975லேயே இறந்துபோனார். அந்தச் சூத்திரம் எளிமையானது, வேகமானது. ஆனால் அதைக் கையாண்டவர்கள் எதன்மேலும் ஒரு வெள்ளைப் பொட்டை வைத்துவிடுவார்கள். அதைத் திருத்திய இருவரில் டாரன்ஸ் யார் தெரியுமா? இயந்திரப் பொறியியல் பேராசிரியர். சொரசொரப்பான பரப்பில் கதிர்வீச்சு எப்படித் தெறிக்கிறது என்று 1967லேயே எழுதியவர். வெப்பம் பற்றிய படிப்பிலிருந்து ஓவியத்துக்குக் கிடைத்த வரவு இது.

இந்த இடத்தில் ஓர் ஐந்நூற்றைம்பது ஆண்டு பின்னால் போக வேண்டும். 1435இல் இத்தாலியில் லியோன் பட்டிஸ்டா ஆல்பெர்ட்டி ஓவியக் கலை பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் தங்கம் பற்றி ஒரு பேச்சு வருகிறது. அக்கால ஓவியர்கள் ஆடை, ஆபரணம் வரும் இடத்திலெல்லாம் நிஜத் தங்கத் தகட்டை ஒட்டுவார்கள். ஆல்பெர்ட்டிக்கு அது பிடிக்கவில்லை. தங்கத்தின் பளபளப்பை வெறும் வண்ணத்தால் காட்டுகிறவனே கெட்டிக்காரன் என்பது அவர் கட்சி. அவர் சொன்ன காரணம் சுவையானது. பலகையில் ஒட்டிய தங்கம் ஒரு பக்கமிருந்து பார்த்தால் மின்ன வேண்டிய இடத்தில் இருட்டாகத் தெரிகிறது. இருட்டாக இருக்க வேண்டிய இடத்தில் மின்னுகிறது. ஓவியன் சொன்ன பேச்சை அது கேட்பதில்லை.

ஐரோப்பா அவர் பக்கம் போயிற்று. பெர்லின் அருங்காட்சியகத்தில் 'பொன் தலைக்கவசம் அணிந்த மனிதன்' என்றொரு ஓவியம் இருக்கிறது. நெடுங்காலம் ரெம்பிராண்ட் வரைந்தது என்றே நம்பினார்கள். இப்போது அப்படிச் சொல்வதில்லை. அந்தக் கவசத்தில் பொட்டுத் தங்கம் கிடையாது. எல்லாம் மஞ்சளும் பழுப்பும் வெள்ளையும்தான், கெட்டியாக அப்பியிருக்கிறது. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அதே இடம்தான் மின்னும். ஓவியன் ஒளியை அங்கே நிறுத்திவைத்துவிட்டான்.

இப்போது நம் தஞ்சாவூர் ஓவியத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் குழைத்த மக்கால் நகையையும் தூணையும் மேடாக எழுப்பி, அதன்மேல் தங்க ரேக்கை ஒட்டுகிறார்கள். ஒட்டிய தங்கத்தின்மேல் யாரும் வெள்ளைப் பொட்டு வைத்து 'இங்கே மின்னுகிறது' என்று காட்டுவதில்லை. அது விளக்கின் வேலை. பூஜையறையில் சுடர் அசைந்தால் மினுக்கம் அசையும். நீங்கள் தலையைச் சாய்த்தால் ஆரத்தின் இந்த மணி அணைந்து அடுத்த மணி எரியும். ஆல்பெர்ட்டி குறை என்று சொன்னதுதான் இங்கே படத்தின் உயிர்.

கணினியில் மெட்டீரியல், அதாவது பொருளின் மேற்பரப்பு, தீட்டுகிற தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். நீங்கள் ஆல்பெர்ட்டி வழியில் பயிற்சி பெற்றவர்கள். உட்காரும் நாற்காலியோ தஞ்சாவூர்க்காரருடையது. இங்கே தங்கத்தை வரையக் கூடாது, வைக்க வேண்டும். ஒளியை நீங்கள் தீட்டினால் எல்லாம் கெட்டுப்போகும்.

இந்த நாற்காலி எப்படி வந்தது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். 1974இல் எட் கேட்மல் தன் முனைவர் பட்ட ஆய்வில் தட்டையான ஒரு படத்தை வளைந்த பரப்பின்மேல் படியவைக்கும் வழியைக் காட்டினார். அதுவும் யூட்டா பல்கலைக்கழகம்தான். பின்னாளில் பிக்ஸார் நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். 1978இல் அதே யூட்டாவில் படித்த ஜிம் பிளின், வடிவத்தைத் தொடாமலே பரப்பில் சுருக்கமும் மேடுபள்ளமும் இருப்பதாக ஒளியை ஏமாற்றலாம் என்று காட்டினார். இன்றைக்கு நார்மல் மேப் என்று நாம் சொல்வதற்கு அது மூதாதை.

ஆனால் அப்போதெல்லாம் படத்தைத் தனியாக வரைந்து, பொருளின்மேல் ஏற்றி, எங்கே போய் விழுகிறது என்று பார்க்க வேண்டும். பொருளையே கையில் வைத்துத் தூரிகையால் தீட்ட முடியாதா? 1990இல் பாட் ஹன்ரஹன், பால் ஹேபர்லி இருவரும் அதைச் செய்து காட்டினார்கள். ஒருவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம், மற்றவர் சிலிகான் கிராஃபிக்ஸ் நிறுவனம். திரையில் முப்பரிமாணப் பொருள் சுழல்கிறது. அதன்மேலேயே தூரிகை ஓடுகிறது. இதில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அவர்களுடைய தூரிகை நிறத்தை மட்டும் தொட்டுக்கொள்ளவில்லை. எவ்வளவு மின்ன வேண்டும், எவ்வளவு சொரசொரப்பு, எவ்வளவு தடிமன் என்ற எல்லாமே அந்த ஒரு தொடுதலில் ஏறியது. ஒரு கோடு இழுத்தால் அங்கே ஒரு பொருள் பூசப்படுகிறது. இன்றைக்குச் சப்ஸ்டன்ஸ் பெயின்டர் என்று காசு கொடுத்து வாங்குகிற மென்பொருளின் ஆதாரக் கருத்து முழுவதும் 1990இன் அந்தக் கட்டுரையில் இருக்கிறது. ஹன்ரஹனும் கேட்மலும் சேர்ந்து 2019ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது வாங்கினார்கள்.

கருத்து அன்றே இருந்தாலும் கைக்கு வசதியாக வர இருபது ஆண்டு பிடித்தது. இடையில் ஒவ்வொரு ஸ்டூடியோவும் மெட்டீரியலின் தோற்றத்தை மாற்றும் குமிழ்களை ஒவ்வொரு விதமாகப் பெருக்கிக்கொண்டே போயிற்று. 2012இல் டிஸ்னியின் பிரென்ட் பர்லி அதை ஒழுங்குபடுத்தினார். நூறு நிஜப் பொருட்களின் ஒளித் தெறிப்பை அளந்து வைத்த ஒரு தொகுப்பை உட்கார்ந்து ஆராய்ந்தார். பிறகு, ஓவியனுக்குக் குமிழ்கள் முடிந்தவரை குறைவாக இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் 0இலிருந்து 1 வரை ஓட வேண்டும், எப்படித் திருகிக் கலந்தாலும் நம்பும்படியான ஒரு பொருள் வர வேண்டும் என்று வகுத்தார். ஒரு நிறம், பத்துக் குமிழ்கள். 'ரெக்-இட் ரால்ஃப்' படத்தில் முடியைத் தவிர ஏறக்குறைய எல்லாப் பொருளும் இதில் வந்தவை. அதற்குப் பிறகு கணினி விளையாட்டு எஞ்சின்கள் இதைச் சுருக்கி எடுத்துக்கொண்டன. பிரான்ஸின் அல்லெகோரித்மிக் நிறுவனம் 2014இல் சப்ஸ்டன்ஸ் பெயின்டரை வெளியிட்டது. 2019இல் அடோபி அந்த நிறுவனத்தையே வாங்கிவிட்டது. காசில்லாமல் கிடைக்கும் பிளெண்டர் மென்பொருளிலும் 2017 முதல் பர்லியின் குமிழ்கள் ஒரே பெட்டியில் இருக்கின்றன. ஆகவே சாதனம் இல்லை என்ற சாக்கு இனி செல்லாது.

எத்தனை குமிழ் இருந்தாலும் அன்றாட வேலையில் நாலு சங்கதிதான் ஓடும். அடி நிறத்துக்குப் பேஸ் கலர், உலோகமா இல்லையா என்பதற்கு மெட்டாலிக், சொரசொரப்புக்கு ரஃப்னஸ், மேடுபள்ளத்துக்கு ஹைட் அல்லது நார்மல். ஸ்பெகுலர் என்று ஒன்று இருக்கும். அதன் நடு மதிப்பு 0.5 என்பது நான் முன்பு சொன்ன 4 விழுக்காடு. மாணவர்களுக்கு அதைத் திருகாமல் கை நிற்காது. விட்டுவிடுங்கள்.

இப்போது ஒரு பாத்திரத்தைத் தீட்டிப் பார்ப்போம். வெந்நீருக்கும் சமையலுக்கும் அடுப்பேறிய ஒரு பழைய பித்தளைத் தவலை. உள்ளே ஈயம் பூசியது.

முதலில் அதை விரிக்க வேண்டும். தைத்த ஜாக்கெட்டைத் தையல் பிரித்து மேசைமேல் பரப்பினால் கை ஒரு துண்டு, முதுகு ஒரு துண்டு என்று கிடக்குமல்லவா, அப்படித் தவலையின் தோலை யுவி என்ற தளத்தில் பரப்புகிறோம். தையல் எங்கே வரும் என்பதை நாம்தான் முடிவுசெய்கிறோம். அடிப்பக்கத்திலோ கழுத்தின் மடிப்பிலோ ஒளித்துவைப்பது நல்லது. பெரிய சினிமாப் படங்களில் ஒரு பொருளுக்கு ஒரு தாள் போதாது. 1001, 1002 என்று எண் போட்டுத் தாள்களை அடுக்குவார்கள். நியூசிலாந்தின் வேட்டா டிஜிட்டலில் தொடங்கிய வழக்கம் அது. நம் தவலைக்கு 4096-க்கு 4096 அளவில் ஒரு தாள் போதும். அதிலேயே ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துக்கு மேல் புள்ளிகள் இருக்கின்றன.

அடி லேயர் பித்தளை. மெட்டாலிக் 1. இதற்கு நடுவில் 0.6, 0.7 என்று எதுவும் வைக்காதீர்கள். ஒரு பொருள் உலோகம், இல்லையென்றால் உலோகமில்லை. பேஸ் கலரில் ஒரே மஞ்சள், தட்டையாக. நிழல் இல்லை, பளபளப்பு இல்லை. ஓவியம் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் கை நமநமக்கும். ஒரு பக்கம் கொஞ்சம் கருமை கொடுத்து உருட்சி காட்டலாமே என்று தோன்றும். காட்டக் கூடாது. இடப்பக்கம் நிழல் தீட்டிவிட்டு, இயக்குநர் விளக்கை இடப்பக்கம் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும்?

அடுத்து ரஃப்னஸ். படத்தின் உயிர் பெரும்பாலும் இந்தக் கறுப்பு வெள்ளைத் தாளில்தான் இருக்கிறது என்பேன். புதிதாக வருகிறவர்கள் நிறத்துக்கு ஒரு நாள் செலவழித்துவிட்டு இதற்குப் பத்து நிமிடம் கொடுப்பார்கள். தவலையின் வயிறு புளி போட்டுத் தேய்த்த இடம்; 0.3 பக்கம் வைக்கலாம். விளிம்பு இன்னும் வழவழப்பு. தவலைக்குக் கைப்பிடி கிடையாது. தூக்குகிறவர்கள் விளிம்பைத்தான் பிடிக்கிறார்கள். அதுவும் வட்டம் முழுக்க ஒரே மாதிரி தேயாது. வயிற்றை நார் வைத்துத் தேய்க்கும்போது பாத்திரத்தைச் சுற்றிச் சுற்றித்தான் தேய்ப்பார்கள். மெல்லிய கீறல்கள் எல்லாம் படுக்கைவாட்டில் வளையம் வளையமாக ஓடும். அதனால் விளக்கின் மினுக்கம் உருண்டையான பொட்டாக இராது. கீறலுக்குக் குறுக்கே, மேலும் கீழுமாக நீண்டு நிற்கும். கீறலை ஒவ்வொன்றாக வரையத் தேவையில்லை. அனைசோட்ரோபி குமிழைக் கொஞ்சம் ஏற்றிக் கீறலின் திசையைச் சொன்னால் போதும். பார்க்கிறவருக்குக் கீறலே கண்ணில் படாது, ஆனால் 'இது தினமும் தேய்த்த பாத்திரம்' என்று தெரிந்துவிடும்.

கழுவிவிட்டுச் சரியாகத் துடைக்காமல் கவிழ்த்தால் தண்ணீர் வழிந்த தடம் கறையாக நிற்கும். அதைப் பேஸ் கலரில் லேசாகவும் ரஃப்னஸில் அழுத்தமாகவும் கொடுங்கள். கவிழ்த்த பாத்திரம் என்பதால் கோடு எந்தப் பக்கம் ஓடும் என்று யோசித்துப் போடுங்கள்.

அடி கரி. இங்கே மெட்டாலிக் 0. உலோகத்தை மூடியிருக்கும் கரி உலோகமல்ல; களிம்பும் தூசியும் அப்படித்தான். கரியின் நிறத்துக்கு முழுக் கறுப்பைப் போட்டுவிடாதீர்கள். அடுப்புக் கரிகூட தன்மேல் விழும் ஒளியில் சில விழுக்காட்டைத் திருப்பித்தான் தருகிறது. ரஃப்னஸ் 0.9. கரியின் மேல்விளிம்பு கத்தரித்த கோடாக நிற்காது. தீ நாக்கு ஏறிய இடத்தில் உயர்ந்தும் பாத்திரத்தைத் தாங்கும் அடுப்புக் குமிழ் மறைத்த இடத்தில் தாழ்ந்தும் இருக்கும். மூன்று குமிழ் அடுப்பு என்றால் மூன்று இடத்தில் தாழும்.

உள்ளே ஈயம். இதுவும் மெட்டாலிக் 1, ஆனால் வெள்ளைச் சாயல், மங்கல். கரண்டி போய்த் துழாவும் அடிப்பாகத்தில் ஈயம் தேய்ந்து பித்தளை மஞ்சள் எட்டிப் பார்க்கும். ஓர் உலோகத்தின் கீழ் இன்னொரு உலோகம். மேல் லேயரை வேண்டிய இடத்தில் மறைக்கும் மாஸ்க்கில் கறுப்புத் தூரிகையால் நாலு இழுப்பு.

கழுத்துக்குக் கீழே பெயர். பாத்திரக் கடையில் உளி வைத்துப் புள்ளி புள்ளியாக வெட்டிக் கொடுத்த பெயர், ஊர், தேதி. இதை ஹைட்டில் பள்ளமாகக் கொடுக்கிறோம். புளித் தண்ணீர் இந்தப் புள்ளிகளுக்குள் போனாலும் நார் போகாது. ஆகவே பள்ளத்துக்குள் கறுப்பு அப்படியே தங்கும், மெட்டாலிக் 0. எழுத்தின் ஓரம் மட்டும் பளிச்சென்று இருக்கும். ஒரு புள்ளியின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டர் இருக்கலாம். அதற்குள் இரண்டு பொருள், மூன்று ரஃப்னஸ். இதைக் கிட்டே போய்ப் பார்க்கும் காட்சி படத்தில் வராது என்று தயாரிப்பாளர் சொன்னால் விட்டுவிடுங்கள். வரும் என்றால் ஒரு நாள் முழுக்க இதிலேயே உட்காரலாம். அவ்வளவு விஷயம் இருக்கிறது.

இனி எனக்குச் சண்டை உள்ள இடத்துக்கு வருகிறேன். இதையெல்லாம் ஒரு சொடுக்கில் செய்துகொடுக்கிறோம் என்று சொல்லும் ஸ்மார்ட் மெட்டீரியல்கள். 'பழைய பித்தளை' என்று ஒன்றை இழுத்துப் பொருளின்மேல் போட்டால் அது வடிவத்தைப் படித்து, எந்தெந்த ஓரம் துருத்திக்கொண்டிருக்கிறதோ அங்கெல்லாம் தேய்மானத்தையும், எந்தெந்த இடுக்கு ஒதுங்கியிருக்கிறதோ அங்கெல்லாம் அழுக்கையும் வைத்துவிடும். முதல் தடவை பார்ப்பவருக்கு மந்திரம் மாதிரி இருக்கும். பெயர் வெட்டிய புள்ளிகளில் அழுக்கை அது சரியாகவே வைக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடி விளிம்பைப் பாருங்கள். அதுவும் துருத்திய ஓரம்தான் என்பதால் அங்கேயும் பளபளவென்று தேய்த்துவைத்திருக்கும். நெருப்பில் உட்காரும் விளிம்பு எப்படி ஐயா பளபளக்கும்? மேல்விளிம்பில் வட்டம் முழுக்க ஒரே அளவு தேய்மானம். மென்பொருளுக்கு வளைவு தெரிகிறது. யார் எந்தக் கையால் எங்கே பிடித்தார்கள் என்பது தெரியவில்லை. அதற்கு அடுப்பும் தெரியாது, கவிழ்த்து வைத்த மேடையும் தெரியாது.

ஸ்மார்ட் மெட்டீரியல் பயன்படுத்தாதே என்று நான் சொல்லவில்லை. ஒரு விளையாட்டுக்கு நாற்பது பீப்பாய் வேண்டுமென்றால் நாற்பதையும் கையால் தீட்டச் சொல்ல நான் யார்? ஆனால் அதைப் போட்டுவிட்டு மாஸ்க்கைத் திறந்து, இந்தப் பொருளுக்குப் பொருந்தாத தேய்மானத்தை எல்லாம் அழியுங்கள். என் மாணவர்களிடம் நான் பார்ப்பது சேர்த்ததை அல்ல, அழித்ததை. இதைச் செய்யாததால்தான் பல விளையாட்டுகளில் கத்தியும் கதவும் தண்ணீர்க் குழாயும் ஒரே பட்டறையில் ஒரே ஆள் ஒரே உப்புத்தாளால் தேய்த்த மாதிரி இருக்கின்றன. ஒவ்வொரு ஓரத்திலும் அதே வெள்ளைக் கீறல்.

தொழில்நுட்பப் பொறிகள் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். இதில் சிக்காதவர்கள் குறைவு. ஒன்று, ரஃப்னஸ் தாளை நிறப்படமாகக் கணினி எடுத்துக்கொள்வது. அது நிறமல்ல, அளவு. நிறம் என்று நினைத்தால் மென்பொருள் அதைத் திரை நிறத்திலிருந்து ஒளி அளவுக்கு மாற்றிவிடும். நீங்கள் வைத்த 0.5 உள்ளே 0.21 ஆகிவிடும். தவலை முழுக்க எண்ணெய் பூசிய மாதிரி பளபளக்கும். பெயின்டரில் நன்றாக இருந்ததே, பிளெண்டரில் ஏன் வழுக்குகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். பிளெண்டரில் அந்தப் படத்தை 'நான்-கலர்' என்று மாற்றினால் தீர்ந்தது. இரண்டாவது, நார்மல் மேப்பின் பச்சை. டைரக்ட்எக்ஸ், ஓப்பன்ஜிஎல் என்று இரண்டு வரைகலை வழக்குகள் உண்டு; முன்னதில் பச்சை ஒரு பக்கம் பார்க்கும், பின்னதில் எதிர்ப்பக்கம். பெயின்டர் தன்போக்கில் முன்னதை எடுத்துக்கொள்கிறது. பிளெண்டர் கேட்பது பின்னதை. மாற்றாமல் கொண்டுபோனால் மேலிருந்து வரும் ஒளி கீழிருந்து வருவதாக ஆகி, வெட்டிய பெயர் புடைத்து நிற்கும். ஒடுக்கு விழுந்த இடம் கொப்புளமாகத் தெரியும். ஏற்றுமதிப் பட்டியலில் ஒரு தேர்வை மாற்றினால் சரியாகிவிடும்.

இந்த இடத்தில் ஓவிய மாணவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். எல்லாம் இயற்பியல் என்றால் ஓவியன் எதற்கு? 2004இல் வந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டில் வாளின் மினுக்கமும் தோள்கவசத்தின் நிழலும் எல்லாமே பேஸ் கலரில் கையால் தீட்டியவைதானே? 2021இல் பாரிஸின் ஃபோர்டிஷ் ஸ்டூடியோ செய்த 'ஆர்க்கேன்' தொடரில் முகங்களின்மேல் தூரிகைத் தடம் அப்படியே தெரிகிறதே? அவர்கள் எல்லாம் தப்பா?

தப்பில்லை. அவர்கள் ஆல்பெர்ட்டி கட்சி. தெரிந்தே போனவர்கள். 'ஆர்க்கேன்' காரர்கள் விளக்கு எங்கே இருக்கும், கதாபாத்திரம் எந்தப் பக்கம் திரும்பும் என்பதைக் காட்சி காட்சியாகத் தங்கள் கையில் வைத்திருந்தார்கள். அதனால் தீட்டிய நிழல் பொய் சொல்லவில்லை. விளையாடுகிறவர் எங்கே வேண்டுமானாலும் ஓடி, பந்தத்தை எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் பிடிக்கும் இடத்தில் அந்தச் சலுகை கிடையாது. 2004இல் அந்த விளையாட்டில் விளக்குகள் ஏறக்குறைய அசையவே அசையாது. ஆகவே அன்றைக்கு அது சரி. எனக்கு எரிச்சல் தருவது மூன்றாவது வகை. இயற்பியல் மெட்டீரியலையும் போட்டு, அதன் பேஸ் கலரில் புகைப்படத்திலிருந்து எடுத்த நிழலையும் விட்டுவைத்திருப்பார்கள். மத்தியான வெயிலில் சுவர். செங்கல்லின் கீழே நிழல் ஒரு பக்கம், சுவரில் பதிந்துபோன பழைய நிழல் இன்னொரு பக்கம். இரண்டு சூரியன்.

புகைப்படம் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஒரே ஒரு படத்தைக் கொடுத்தால் அதை மெட்டீரியலாகப் பிரித்து, நிறம் இது, சொரசொரப்பு இது, மேடுபள்ளம் இது என்று தருகிற மென்பொருள்கள் இப்போது வந்திருக்கின்றன. அடோபியின் சாம்ப்ளர் அதில் ஒன்று. செங்கல், மண், மரப்பட்டை இவற்றுக்கு நன்றாகவே தருகிறது. நம் தவலையை ஒரே ஒரு கோணத்தில் எடுத்துக் கொடுத்துப் பாருங்கள். படத்தில் ஒரு கறுப்புத் திட்டு இருக்கிறது. அது கரியா? அல்லது பளபளப்பான பித்தளையில் இருட்டான அடுப்பங்கரை தெரிகிறதா? ஒற்றைப் படத்தில் இரண்டும் ஒரே கறுப்புப் புள்ளிகள்தான். மென்பொருள் ஊகித்துச் சொல்கிறது. சில சமயம் சரியாகவும் சொல்லிவிடுகிறது.

இதற்கு வழி இருக்கிறது, பழைய வழி. 1980இல் ராபர்ட் வுட்ஹம் என்பவர் எழுதியது. கேமராவை ஒரே இடத்தில் நிறுத்தி, விளக்கை மட்டும் பக்கம் பக்கமாக மாற்றிப் பல படங்கள் எடுப்பது. ஒவ்வொரு புள்ளியும் எந்த விளக்குக்கு எவ்வளவு வெளிச்சம் காட்டியது என்பதிலிருந்து அந்த இடம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று கணக்கிடலாம். மங்கலான பரப்புக்குத்தான் அந்தக் கணக்கு கச்சிதமாக வரும். பளபளப்பு வந்தால் தடுமாறும். ஆனால் கண்ணுக்கு அந்தத் தடுமாற்றம் இல்லை. கைப்பேசி விளக்கைச் சுற்றிக் காட்டும்போது எந்தத் திட்டு அசைகிறதோ அது பிரதிபலிப்பு, எது அசையாமல் கிடக்கிறதோ அது கரி. இதற்கு வேண்டியது ஒரு முக்காலி, ஒரு கைப்பேசி, ஒரு இருட்டறை.

வெளியே நடையில் மேசைமேல் ஒரு தவலையும் ஒரு கைவிளக்கும் வைத்திருக்கிறோம். பக்கத்திலேயே கணினியில் அதன் கோப்பு திறந்திருக்கிறது. லேயர்களை அணைத்தும் ஏற்றியும் பார்க்கலாம். அடிக் கரியின் விளிம்பை நான் இன்னும் முடிக்கவில்லை. தூரிகை பிடித்துப் பழகியவர்கள் யாராவது முயன்று பாருங்கள். கேள்விகளையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம்.